‘தோற்றதால் நேரத்துக்குப் போய்விட்டேன்’

கேள்வி: எனக்கு 34 வயது. மாதம் ஒரு போக்கர் போட்டிக்குப் போவேன். போன முறை மாலை ஆறு மணிக்கு ஆரம்பித்த போட்டியில் முதல் மணி நேரத்துக்குள்ளேயே வெளியே வந்துவிட்டேன். ஆளுக்கு 20,000 சிப். சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்க வேண்டிய பிளைண்ட் 100/200. கையில் ஏஸ்-கிங் வந்தது, 600 வைத்தேன். அதுவரை ஒரு கைகூட ஆடாமல் உட்கார்ந்திருந்த ஒருவர் மொத்தத்தையும் ஆல்-இன் தள்ளினார். நானும் கால் செய்தேன், அதாவது அதே அளவு வைத்தேன். அவரிடம் க்வீன் ஜோடி. எல்லோருக்கும் பொதுவாக விரிக்கும் போர்டில் எனக்கு ஒன்றும் வரவில்லை. ஆரம்பத்திலேயே ஸ்டாக்கை, அதாவது கையிருப்புச் சிப்பை, இரட்டிப்பாக்க வேண்டும் என்கிறார்கள் சில நண்பர்கள், பொறுமையாக ஆடு என்கிறார்கள் வேறு சிலர். எப்போது மொத்தத்தையும் வைக்கலாம்? (அப்பா ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். எட்டு மணிக்கு அக்காவை மாற்றிவிட வேண்டியிருந்தது. தோற்றதால் நேரத்துக்குப் போய்விட்டேன். தாமதமாகியிருந்தாலும் அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள்.)

பதில்: தம்பி, அடைப்புக்குறிக்குள் போட்டு மூடிவிட்டீர்களே, அந்த நாலு வரிதான் எனக்குக் கடிதமாகத் தெரிகிறது. மற்றதெல்லாம் சீட்டு. அதற்கும் பதில் சொல்கிறேன், முதலில் இதற்கு வாருங்கள். ‘தோற்றதால்’ போனீர்கள். சரி, ஜெயித்திருந்தால்? 40,000 சிப்போடு ஏழு மணிக்கு அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிற நீங்கள் எட்டு மணிக்கு எழுந்து போயிருப்பீர்களா? ஆறு மணிக்கு ஆரம்பிக்கிற போட்டி நன்றாகப் போனால் நள்ளிரவு தாண்டும் என்பது மாதாமாதம் ஆடுகிற உங்களுக்குத் தெரியாதா? நன்றாக ஆடினால் அக்காவுக்குக் கொடுத்த வாக்கு போகும், வாக்கைக் காப்பாற்றினால் போட்டி போகும். இதைத் தெரிந்துகொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இப்போது அந்தக் கையைப் பாருங்கள். அவர் தள்ளியதும் நீங்கள் கால் செய்ய 19,400 வேண்டும். பிளைண்டையும் சேர்த்து நடுவில் கிடந்தது 20,900. 100க்கு 48 முறையாவது ஜெயிக்கிற கையாக இருந்தால்தான் அந்தக் கால் நட்டமில்லாமல் இருக்கும். ஒரு மணி நேரம் வாயைத் திறக்காத மனிதர் பெரிய பிளைண்டான 200ஐப் போல 100 மடங்கை, 100 பிக் பிளைண்டை, ஒரே தள்ளாகத் தள்ளுகிறார் என்றால் கையில் என்ன இருக்கும்? க்வீன் ஜோடியாக இருந்தால் ஏஸ்-கிங் 43 முதல் 46 முறை ஜெயிக்கும். கிங் ஜோடியாக இருந்தால் 30 சொச்சம். ஏஸ் ஜோடியாக இருந்தால் 7 முதல் 12 முறைதான். அவரிடமும் ஏஸ்-கிங்கே இருந்தால் பெரும்பாலும் பங்கு பிரித்துக்கொண்டு போவீர்கள். அவ்வளவு தள்ளக்கூடிய நாலு கைகளில் ஒன்றுக்கு எதிராகக்கூட நீங்கள் முன்னால் இல்லை. ஃபோல்டு செய்து சீட்டைக் கீழே வைத்திருந்தால் 19,400 அப்படியே இருந்திருக்கும். 97 பிக் பிளைண்ட். அதை வைத்துக்கொண்டு ஒரு சுற்று சும்மா உட்கார்ந்திருக்க 300 சிப்தான் செலவு. போட்டி முழுவதிலும் காத்திருப்பது மலிவாகக் கிடைக்கிற நேரம் அந்த முதல் மணி நேரம்தான்.

இரட்டிப்பாக்கு என்கிற நண்பர்களுக்கும் ஒரு கணக்கு சொல்லுங்கள். பத்துப் பேர் ஆடும் ஒரு சிறிய போட்டியில் முதல் மூன்று பேருக்குப் பரிசு 50, 30, 20 சதவீதம் என்று வையுங்கள். எல்லோரும் சம திறமை என்றால் ஆரம்பத்தில் ஆளுக்குப் பரிசில் பங்கு 10 சதவீதம். முதல் கையிலேயே ஒருவரை வெளியேற்றி ஸ்டாக்கை இரட்டிப்பாக்கினால் அது 20 ஆகிவிடாது, 18.44தான் ஆகும். போனால் முழுசாகப் போகும், வந்தால் முழுசாக வராது. ஆட்கள் அதிகமுள்ள பெரிய போட்டியில் தொடக்கத்தில் இந்த வித்தியாசம் சுருங்கும், ஆனாலும் இருக்கும். அதற்காகப் பயந்து பதுங்கச் சொல்லவில்லை. ஏஸ் ஜோடி 221 கைக்கு ஒருமுறைதான் வரும், வந்தால் முதல் கையானாலும் மொத்தத்தையும் வையுங்கள், சின்ன ஜோடிகளுக்கு எதிராக 100க்கு 80 முறை உங்களுடையது. கிங் ஜோடியும் அப்படித்தான். கண்டபடி தள்ளுகிற ஆள் என்றால் ஏஸ்-கிங்கோடும் மோதலாம். ஸ்டாக் பத்துப் பன்னிரண்டு பிக் பிளைண்டாகத் தேய்ந்த பிறகு அதே ஏஸ்-கிங்கை யோசிக்காமல் தள்ளுங்கள், அங்கே காத்திருப்பதுதான் விலை அதிகம். மேசையிலேயே பலவீனமான ஆட்டக்காரர் நீங்கள்தான் என்றால் ஆரம்பத்திலேயே சரிபாதி வாய்ப்பில் மோதுவதில்கூட ஒரு நியாயம் உண்டு. உங்கள் கடிதம் அப்படிப்பட்டவர் எழுதியதாகத் தெரியவில்லை.

இவ்வளவு தெரிந்தவர் ஏன் கால் செய்தார்? நான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கடிகாரத்தைப் பார்த்துத்தான் செய்தீர்கள். எழுந்து போக உங்களுக்கு மனசு வரவில்லை, யாராவது எழுப்பி அனுப்பினால் தேவலை என்றிருந்தது, அந்த வேலையை க்வீன் ஜோடிக்காரரிடம் விட்டுவிட்டீர்கள். இதே கடிதம் எனக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறது. சீட்டு இருக்காது, வியாபாரமோ வேலையோ இருக்கும், எங்காவது ஒரு மூலையில் ஒன்றும் சொல்லாத ஓர் அக்காவோ அம்மாவோ மட்டும் தவறாமல் இருப்பார்.

அந்த ‘ஒன்றும் சொல்ல மாட்டாள்’ என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சொல்ல மாட்டாள் என்பதால்தானே அவள் நேரத்தை எடுத்து நடுவில் வைத்தீர்கள்? சண்டை போடுகிற அக்காவாக இருந்திருந்தால் அன்று போட்டிக்கே போயிருக்க மாட்டீர்கள். பெற்றவரைப் பார்த்துக்கொள்வதில் முறை என்று ஒன்று வைத்துக்கொண்டால், உங்கள் முறை எட்டு மணிக்கு என்றால், ஏழரைக்கே அங்கே நிற்க வேண்டும். அவளுக்கும் வீடு இருக்கிறது, தூக்கம் இருக்கிறது, முதுகு வலிக்கும். இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. அப்பா உங்கள் இருவருக்கும் அப்பா.

1982ஆம் ஆண்டு உலகப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டியில் ஜாக் ஸ்ட்ராஸ் எல்லாம் போய்விட்டது என்று நினைத்து எழுந்தவர், மிச்சமிருந்த ஒரே ஒரு சிப்பைக் கண்டு திரும்ப உட்கார்ந்து பட்டத்தையே வென்றார் என்பார்கள். ஒரு சிப்பும் ஒரு நாற்காலியும் போதும் என்று ஆட்டக்காரர்கள் இன்றும் சொல்வது அதை வைத்துத்தான். நாற்காலியில் இருக்கிறவனுக்குத்தான் ஆட்டம். நீங்கள் அன்று ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியை நினைத்துக்கொண்டிருந்தீர்கள், இரண்டிலும் முழுசாக இல்லை.

அப்பா வீடு திரும்பும் வரை போட்டி வேண்டாம். அதற்குப் பிறகு, யாரும் உங்களுக்காகக் காத்திருக்காத ஒரு நாளாகப் பார்த்து, இரவு ஒரு மணி ஆனாலும் பரவாயில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். அன்று வாய் திறக்காத ஒருவர் மொத்தத்தையும் தள்ளினால் ஏஸ்-கிங்கைக் கீழே வைத்துவிடுவீர்கள், நான் சொல்லித் தர வேண்டியிருக்காது.

இன்றைக்கு அக்காவிடம் அந்த மாலை எங்கே இருந்தீர்கள் என்று சொல்லுங்கள். நாளைக்கு எட்டு மணி வரை காத்திருக்காமல் மத்தியானமே போய் அவளை வீட்டுக்கு அனுப்புங்கள்.