சிந்து ஓடுகிறது, ஆனால் கீழே: லடாக் தண்ணீர் கேள்வி பதில்

லடாக்கின் ஆறு, பனி, பாசனம் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: லே ஊரை ஒட்டியே சிந்து நதி ஓடுகிறது. அப்புறம் அங்கே எப்படித் தண்ணீர்ப் பஞ்சம் வரும்?

ஒட்டி ஓடுகிறது என்பது வரைபடத்தில்தான். லடாக்கின் முக்கிய நகரமான லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சிந்து அதைவிட 200 மீட்டருக்கு மேல் தாழ்வில், லேக்குக் கீழே உள்ள சோக்லம்சார் என்ற ஊர்ப் பக்கம் போகிறது. ஏறி வராத ஆறு கண்ணுக்குத்தான் குளிர்ச்சி. லடாக் கிராமங்களில் பெரும்பாலானவை சிந்துவை நம்பிப் பிழைக்கவில்லை. பக்கவாட்டு மலையிலிருந்து இறங்கும் சின்ன ஓடைகள்தான் அவற்றுக்குச் சோறு போடுகின்றன. இன்று லே நகரத்துக்கு ஆற்றோரக் குழாய்க் கிணறுகளிலிருந்து மோட்டார் வைத்து மேலே ஏற்றுகிறார்கள். அதற்கு மின்சாரம் வேண்டும், குழாய் உறையாமல் இருக்க வேண்டும்.

கேள்வி: மழையே கிடையாதா சார்?

ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டர், பனியையும் சேர்த்து. ஒரு புயல் நாளில் கடலோர ஊர் ஒன்றில் கொட்டிவிடும் அளவு. பருவமழை மேகத்தை இமயமலை தெற்கிலேயே பிழிந்துவிடுகிறது.

கேள்வி: பூமி சூடானால் பனி அதிகமாக உருகும், ஓடையில் தண்ணீர் கூடும். விவசாயிக்கு நல்லதுதானே?

நிறையப் பேர் இப்படி நினைக்கிறார்கள். கணக்கு அப்படி வராது. அங்கே விதைப்பு ஏப்ரல், மே மாதங்களில். கோடை குறுகியது, தள்ளிப்போட முடியாது. ஆனால் பனியாறுகள் பெரும்பாலும் 5,000 மீட்டருக்கு மேல் இருப்பதால் ஜூன் வாக்கில்தான் நன்றாக உருகத் தொடங்கும். நாற்று கேட்கும்போது ஓடை காய்ந்து கிடக்கும், ஜூலையில் தேவைக்கு மேல் ஓடும். தாழ்வான சரிவுகளில் தங்கும் குளிர்காலப் பனிதான் அந்த இடைவெளியை நிரப்பிவந்தது. அது குறைந்தால் முதல் தண்ணீருக்கே வழியில்லை. பனியாறு சுருங்கச் சுருங்க, சில காலம் கூடுதலாக வரும் நீரும் பிறகு குறைந்துவிடும். லடாக்கின் ஸன்ஸ்கார் பகுதியில் கூமிக் என்ற கிராமம், மேலே இருந்த பனி வற்றிப்போனதால் ஆற்றோரத்தில் வாய்க்கால் வெட்டிப் புது இடத்துக்குக் குடிபெயர வேண்டியதாயிற்று.

கேள்வி: பனி ஸ்தூபி என்கிறார்களே, உண்மையிலேயே பயனுண்டா? விளம்பரமா?

பயனுண்டு. ஆனால் அது புதிதாக ஒரு சொட்டுத் தண்ணீரையும் உண்டாக்குவதில்லை. குளிர்காலத்தில் யாருக்கும் பயன்படாமல் ஓடும் நீரைக் கூம்பு வடிவப் பனிக்கட்டியாக உறையவைத்து வசந்த காலத்துக்கு எடுத்துவைக்கிறது, அவ்வளவுதான்.

இப்படி நீரை உறையவைத்துச் சேமிப்பதை முதலில் செய்துகாட்டியவர் செவாங் நோர்பெல், லேயைச் சேர்ந்த கட்டுமானப் பொறியாளர். 1980களின் பிற்பகுதியிலிருந்து, ஓடையை நிழலான பள்ளத்தாக்குக்குத் திருப்பி, சிறு கற்சுவர்களால் வேகத்தைத் தணித்து, தண்ணீரை அடுக்கடுக்காக உறைய விட்டார். ஊருக்கு அருகில், தாழ்வான உயரத்தில் இருப்பதால் உண்மையான பனியாற்றுக்கு முன்பே அது உருகும். 2015இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நிழல் இருக்கிற இடம் அமைய வேண்டும் என்பதுதான் அதிலுள்ள சிக்கல்.

லடாக்கைச் சேர்ந்த இன்னொரு பொறியாளர் சோனம் வாங்சுக் 2013 வாக்கில் அதே யோசனையைச் செங்குத்தாக நிமிர்த்தினார். மேட்டிலிருந்து மண்ணுக்கடியில் குழாய் பதித்துக் கொண்டுவந்தால், இறங்கிய உயரத்தின் அழுத்தத்திலேயே நீர் மேலே பீச்சும், மோட்டார் தேவையில்லை. கடுங்குளிரில் உறைந்து கூம்பாக நிற்கும். பரவிக் கிடக்கும் பனியைவிடக் கூம்பில் வெயில் படும் பரப்பு குறைவு, அதனால் மெதுவாகக் கரையும். நடைமுறையில் தலைவலி எது தெரியுமா? குழாய். நடுச்சாமத்தில் அது உறைந்து அடைத்துக்கொண்டால் யாராவது எழுந்து போய்ப் பார்த்தாக வேண்டும். படம் எடுக்கப் போகிறவர்களுக்கு இந்தப் பகுதி தெரிவதில்லை.

கேள்வி: குறைவான தண்ணீரை எப்படிப் பங்கிடுகிறார்கள்? சண்டை வராதா?

வரும். அதற்காகத்தான் சுர்போன் என்று ஒருவர். நம் ஊர் நீர்கட்டி மாதிரிதான்: யாருக்கு எப்போது முறை, எந்த மடையை எப்போது அடைப்பது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. அப்புறம் ‘ஸிங்’ எனப்படும் சிறு குளங்கள். இரவில் வருவதை அதில் தேக்கிப் பகலில் பாய்ச்சுவார்கள். பகல் வெயிலில் மேலே உருகியது கீழே வந்துசேர மணிக்கணக்காகும் என்பதால் இரவு நீரை விட்டுவிட முடியாது.

கேள்வி: மலையேற்றம் போகிறோம். ஓடைகளை எந்த நேரத்தில் கடப்பது?

விடியற்காலையில். முழங்கால் அளவில் இருந்தது மாலையில் இடுப்புக்கு வந்துவிடும்.

கேள்வி: மழையே இல்லாத ஊரில் 2010இல் வெள்ளம் எப்படி?

மழை இல்லாததால்தான் அத்தனை சேதம். மரமில்லாத மொட்டைச் சரிவு, தளர்ந்த மண், மண் வீடுகள். ஆகஸ்ட் 5 இரவு மேகவெடிப்பில் சேறும் பாறையுமாக இறங்கி 200க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். சோக்லம்சார் கடுமையாக அடிபட்டது.

கேள்வி: அண்ணா, ஜூலையில் லே போகிறோம். எங்களால் கெடுதல் வராமல் இருக்க என்ன செய்யலாம்?

தங்குமிடத்தில் உலர் கழிவறை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். வேலை முடிந்ததும் ஒரு மண்வெட்டி மண்ணைத் தள்ளிவிட்டால் போதும், அடுத்த வசந்தத்தில் அது வயலுக்கு எருவாகப் போகும். ஷவரைத் திறந்துவிடாமல் வாளியில் குளியுங்கள். அந்த உயரத்தில் முதல் இரண்டு நாள் குளிக்காமலே இருந்தாலும் தப்பில்லை.