ரிச்டெக்ஸ்ட்பாக்ஸ் திரும்பத் திரும்ப எறியும் எக்ஸெப்ஷன்கள்: கேள்வி-பதில்

எல்லாக் கேள்விகளும் வின்ஃபார்ம்ஸ் (டாட்நெட்டில் விண்டோஸ் திரைகள் எழுதும் நூலகம்) ரிச்டெக்ஸ்ட்பாக்ஸைப் பற்றியவை. அது போல்டு, நிறம் போன்ற வடிவமைப்புள்ள உரையைக் காட்டும் பெட்டி; எக்ஸெப்ஷன் என்பது ஓடும்போது நிரல் எறியும் பிழை. பல நிரல்களில் ட்ரை-கேட்ச் போட்டுப் பிழையை விழுங்கியிருப்பார்கள். அப்போது காரணம் ஓரிடம், அறிகுறி வேறிடம் என்றாகிவிடும். முதலில் விஷுவல் ஸ்டுடியோவில் கன்ட்ரோல்+ஆல்ட்+இ அழுத்தி, சிஎல்ஆர் (டாட்நெட் இயக்கச் சூழல்) எக்ஸெப்ஷன்கள் முழுவதையும் டிக் செய்து ஓட்டுங்கள். பிழை எறியப்படும் வரியிலேயே டீபக்கர் நிற்கும்.

போல்டு பட்டனை அழுத்தினால் சில நேரம் மட்டும் நல்ரெஃபரன்ஸ் எக்ஸெப்ஷன். ஏன்?

தேர்ந்தெடுத்த பகுதியில் இரண்டு எழுத்துருக்கள் கலந்திருந்தால் செலக்‌ஷன்ஃபான்ட் நல் தரும். அதை அப்படியே புதிய ஃபான்ட் உருவாக்கக் கொடுப்பதால் விழுகிறது. நல் சோதனை சேர்த்தால் எக்ஸெப்ஷன் நிற்கும், ஆனால் சிக்கல் தீராது. எழுத்துரு ஒன்றாகவும் அளவு மட்டும் வேறாகவும் இருந்தால் நல் வராது. அளவு 13 என்று ஒரு கற்பனை எண் வரும். போல்டு போட்டதும் தலைப்பும் உள்ளடக்கமும் ஒரே அளவாகிவிடும். எக்ஸெப்ஷனைவிட மோசம் இதுதான், பயனர் சேமித்த பிறகுதான் கவனிப்பார்.

சரியான வழி, எழுத்துருவைத் தொடாமல் போல்டை மட்டும் மாற்றுவது. சென்ட்மெசேஜ் என்ற விண்டோஸ் ஃபங்ஷன் மூலம் இஎம்_செட்கேர்ஃபார்மட் என்ற செய்தியை (எண் 1092) அனுப்புங்கள். டபிள்யூபாராம் 1, அதாவது தேர்ந்தெடுத்த பகுதிக்கு மட்டும். கேர்ஃபார்மட்2 ஸ்ட்ரக்சரில் மாஸ்க் (எதை மாற்றுவது என்ற குறி) 1. போல்டு வேண்டுமானால் எஃபெக்ட்ஸ் 1, நீக்க 0. ஸ்ட்ரக்சரின் அளவை அதன் முதல் புலத்தில் நிரப்ப மறந்தால் எதுவுமே நடக்காது, பிழையும் வராது.

டேட்டாபேஸில் வைத்த ஆர்டிஎஃப்பை (வடிவமைப்போடு சேமித்த உரை) ஏற்றினால் "ஃபைல் ஃபார்மட் செல்லாது" என்று ஆர்க்யுமென்ட் எக்ஸெப்ஷன்.

ஏற்றும் முன் கன்ட்ரோல் (அதாவது ரிச்டெக்ஸ்ட்பாக்ஸ்) முதல் ஐந்து குறிகளை மட்டும் பார்க்கிறது: நெளிவு அடைப்பு, பின்சாய்வு, பிறகு ஆர்டிஎஃப் என்ற மூன்று எழுத்து. அவற்றுக்கு முன்னால் ஒரு இடைவெளி இருந்தாலும் மறுத்துவிடும். வழக்கமான குற்றவாளி யூடிஎஃப்-8 பிஓஎம் (ஃபைலின் தொடக்கத்தில் வரும் கண்ணுக்குத் தெரியாத குறி), என்கோடிங்.யூடிஎஃப்8 கொடுத்து ஃபைல் எழுதினால் அது முன்னால் ஒட்டிக்கொள்ளும். மெமரிஸ்ட்ரீம் என்றால், சேவ்ஃபைல் முடிந்ததும் பொசிஷன் கடைசியில் நிற்கும். 0-க்குத் திருப்பிவிட்டு லோட்ஃபைலை அழையுங்கள். டேட்டாபேஸின் பழைய வரிசைகளில் வெறும் உரை கிடக்கிறதா என்றும் பாருங்கள். அவற்றை ஆர்டிஎஃப் பண்பில் போடக் கூடாது, டெக்ஸ்ட் பண்பில் போடுங்கள்.

சொற்களுக்கு நிறம் போடுகிறேன். மேல் வரிகளில் சரி, கீழே போகப் போக நிறம் தள்ளி விழுகிறது. சில சமயம் ஆர்க்யுமென்ட்அவுட்ஆஃப்ரேஞ்ச்.

இடத்தை உங்கள் மூலச் சரத்தில் தேடுகிறீர்கள். அதில் வரிமுறிவுக்கு இரண்டு குறிகள், கன்ட்ரோலுக்குள் ஒன்றுதான். 40-வது வரியில் நிறம் 39 எழுத்து தள்ளி விழும். கன்ட்ரோலின் டெக்ஸ்ட் பண்பை ஒருமுறை மாறியில் எடுத்து அதில் தேடுங்கள். சொல் கிடைக்காதபோது இன்டெக்ஸ்ஆஃப் தரும் -1-ஐ செலக்‌ஷன்ஸ்டார்ட்டில் போடுவதுதான் அந்த எக்ஸெப்ஷன்.

பின்னணித் த்ரெட் (நிரலுக்குள் இணையாக ஓடும் வேலை) ரிச்டெக்ஸ்ட்பாக்ஸில் லாக் எழுதுகிறது. டீபக்கில் கிராஸ்-த்ரெட் எக்ஸெப்ஷன், ரிலீஸில் இல்லை. விட்டுவிடலாமா?

கூடாது. டீபக்கர் இணைந்திருக்கும்போது மட்டுமே அந்தச் சோதனை இயல்பாக இயங்கும். தனியாக ஓடும்போது தவறு அப்படியே இருக்கிறது, எச்சரிக்கைதான் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் இன்வோக் (வேலையைத் திரையின் த்ரெட்டிடம் கொடுத்து, முடியும்வரை காத்திருப்பது) போட்டால், ஃபார்ம் மூடும்போது இரு த்ரெட்களும் ஒன்றுக்கொன்று காத்து உறைந்துவிடலாம். காத்திருக்காத பிகின்இன்வோக் உறையாது, ஆனால் ஹேண்டில் (விண்டோஸ் கன்ட்ரோலுக்குத் தரும் அடையாள எண்) உருவாகும் முன் அழைத்தால் இன்வாலிட்ஆபரேஷன் வரும். வரிகளைக் கன்கரன்ட்க்யூவில் (பல த்ரெட்கள் பாதுகாப்பாகப் பகிரும் வரிசை) போட்டுவிட்டு, ஃபார்மில் உள்ள டைமர் 200 மில்லிநொடிக்கு ஒருமுறை மொத்தமாக அப்பெண்ட்டெக்ஸ்ட் செய்யட்டும். இந்தத் தொல்லைகள் எல்லாம் போகும், திரையும் சிமிட்டாது.

க்ளிப்போர்டில் எழுதும்போது எப்போதாவது எக்ஸ்டர்னல் எக்ஸெப்ஷன்.

வேறொரு நிரல் அந்த நொடியில் க்ளிப்போர்டைத் திறந்து வைத்திருக்கிறது. செட்டேட்டாஆப்ஜெக்டின் நான்கு அளவுரு வடிவில் முயற்சிகளின் எண்ணிக்கையையும் இடைவெளியையும் கூட்டுங்கள்.

டெக்ஸ்ட் ஃபைலாகச் சேமித்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறி. எக்ஸெப்ஷனே வரவில்லையே?

வராது. ப்ளெயின்டெக்ஸ்ட் வகை விண்டோஸின் ஏஎன்எஸ்ஐ கோட்பேஜில் (யூனிகோடுக்கு முந்தைய எழுத்து அட்டவணை) எழுதுகிறது; வழக்கமான கோட்பேஜ்களில் தமிழ் இல்லை. போன எழுத்து அந்த ஃபைலிலிருந்து திரும்பாது. யூனிகோட்ப்ளெயின்டெக்ஸ்ட் பயன்படுத்துங்கள். அது யூடிஎஃப்-16, யூடிஎஃப்-8 வேண்டுமானால் டெக்ஸ்ட் பண்பை எடுத்து ரைட்ஆல்டெக்ஸ்ட் மூலம் நீங்களே எழுதுங்கள்.