வெளிநாட்டில் ஆசிரியர் பயிற்றுநராக இருப்பவரின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு அரங்கம் நிறைந்த ஆசிரியர்களிடம் பேசுகிற வாழ்க்கை என்று நினைத்துக் கேட்டிருப்பீர்கள். அதுவும் உண்டு, சொற்பமாக. என் நாட்களில் பெரும்பகுதி ஏதாவதொரு வகுப்பறையின் கடைசி பெஞ்சில், சிறு பிள்ளைகளுக்கென்று செய்த இருக்கையில் முழங்காலை மடக்கிக்கொண்டு, வாயைத் திறக்காமல் கழிகிறது.

காலையில் பள்ளிக்குப் போனதும் முதலில் தலைமை ஆசிரியரின் அறை. அங்கே அவசரம் காட்டக் கூடாது. குறிப்பேட்டுடன் ஓர் அந்நியர் வகுப்புக்குள் நுழைந்தால் எந்த நாட்டு ஆசிரியரும் ஆய்வாளர் வந்துவிட்டார் என்றுதான் நினைப்பார். இடமாற்றம் போடவோ சம்பள உயர்வைத் தடுக்கவோ நமக்கு அதிகாரமில்லை என்பதை அவர்கள் நம்புவதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை நமக்குக் கிடைப்பது ஒத்திகை பார்த்த பாடம். கேள்வி முடிவதற்குள் எல்லாக் கைகளும் உயர்ந்திருக்கும்.

பாடம் நடக்கும் மொழி எனக்கு அரைகுறையாகத்தான் புரியும். உற்றுநோக்கலுக்கு அது ஒருவகையில் வசதி. ஆசிரியர் சொல்வதில் கவனம் சிக்காததால் கண் பிள்ளைகள் பக்கம் போகிறது. வகுப்பின் இருக்கை அமைப்பை ஒரு தாளில் வரைந்துகொண்டு, பேசுகிற பிள்ளைக்கு நேரே ஒரு புள்ளி வைப்பேன். பாடவேளை முடியும்போது முன்வரிசையில் புள்ளிகள் மொய்த்திருக்கும், ஜன்னலோர மூலை வெறுமையாகக் கிடக்கும். தாளை அப்படியே ஆசிரியரிடம் நீட்டினால், “இவள் ஒரு முறைகூடப் பேசவில்லையா?” என்று அவரே கேட்பார். அதற்குப் பிறகு என் அறிவுரைக்கு அதிக வேலை இல்லை.

இன்னொன்றையும் கவனிப்பேன்: கேள்வி கேட்டபின் ஆசிரியர் எவ்வளவு நேரம் பொறுக்கிறார் என்பது. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வெளியிட்ட ஆய்வுகளின்படி, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவுதான் காத்திருக்கிறார்கள். அதை 3 நொடியாக நீட்டினாலே பதில்கள் நீளமாகின்றன, தாமாக முன்வந்து பேசும் பிள்ளைகளும் கூடுகிறார்கள். கேட்க எளிது. நாற்பது முகங்களுக்கு முன்னால் நின்று பாருங்கள், அந்த 3 நொடி மௌனம் தனக்கே பாடம் தெரியாதது போல ஆசிரியரைக் கூச வைக்கும். பயிற்சி அரங்கில் தலையாட்டியவர் மறுநாள் பழைய வேகத்துக்கே திரும்புவது இதனால்தான். சோம்பேறித்தனம் என்று சொல்வது அநியாயம்.

கோட்பாட்டைச் சொல்லி, செய்து காட்டி, பயிற்சியும் கொடுத்த பிறகு, வகுப்பறையில் உடனிருந்து துணை செய்தால்தான் புதிய முறை பழக்கத்தில் நிற்கும் என்று ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களிலேயே வலியுறுத்தினார்கள். ஆனாலும் திட்டப் பணம் அரங்குக்கும் பதாகைக்கும் சான்றிதழ் வழங்கும் புகைப்படத்துக்கும்தான் தாராளமாகப் போகிறது. தலைநகரில் கருத்தாளர்களுக்கு, அதாவது கற்றதை மற்ற ஆசிரியர்களுக்குக் கொண்டுபோக வேண்டியவர்களுக்கு, ஐந்து நாள் நடந்த பயிற்சி, மாவட்டத்தில் இரண்டு நாளாகி, பள்ளியை எட்டும்போது ஒரு பிற்பகலாகச் சுருங்கிவிடும்.

பாடம் முடிந்தபின் ஆசிரியருடன் நடக்கும் உரையாடல்தான் இந்த வேலையின் உயிர். கிடைப்பது ஓர் இடைவேளை; மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசினால் அதிலும் பாதி. முதலில் அவர் பேச வேண்டும். பிறகு நான் ஒரே ஒரு விஷயத்தை எடுப்பேன். காலையில் பத்துக் குறைகள் கண்ணில் பட்டிருக்கும். ஒன்பதை விழுங்கிவிட்டுப் பத்தாவதைச் சொல்வதற்கு நல்ல பொறுமை வேண்டும்.

மாலையில் அறிக்கை எழுதுவது. எத்தனை பேருக்குப் பயிற்சி, அதில் பெண்கள் எத்தனை பேர், வருகைப் பதிவு எங்கே என்று படிவம் கேட்கும். புள்ளி வைத்த தாளுக்கு அதில் கட்டம் கிடையாது. ஒப்பந்தம் நீடிக்குமா, விசா புதுப்பிக்கப்படுமா என்ற கவலைகள் வெளிநாட்டில் வேலை செய்கிற எல்லோருக்கும் உள்ளவைதான்.

இந்த வேலைக்கு வர நினைத்தால், நேர்காணலில் சம்பளத்தோடு இதையும் கேளுங்கள்: ஒரே ஆசிரியரின் வகுப்பை எத்தனை முறை பார்க்க விடுவார்கள்? ஒரு முறைதான் என்றால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.