நீலகிரியில் பனிக்காலம் எப்படி இருக்கும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோத்தகிரி பக்கம் எனக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. ஐயா, உறைபனி நவம்பரிலேயே தொடங்கிவிடுமா, தள்ளிப்போகுமா?

தேதி கேட்டால் கையை விரிப்பேன். எதைப் பார்த்து முடிவு செய்வது என்று கேட்டால் சொல்வேன். நீலகிரியில் உறைபனிக் காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ஆனால் அது எப்போது தொடங்கும் என்பதை வங்கக் கடல்தான் முடிவு செய்கிறது. வடகிழக்குப் பருவமழை நீடிக்கும்வரை மலைமேல் மேகம் அடிக்கடி கவிந்திருக்கும். பகலில் நிலம் வாங்கிய சூட்டை இரவில் வானத்துக்குத் தப்பவிடாமல் அந்த மேகம் தடுத்துவிடும். மேகம் விலகி, காற்று அடங்கி, வறண்ட குளிர் இறங்கும் இரவில்தான் உறைபனி வரும். டிசம்பரில் தாழ்வு மண்டலங்கள் அடுத்தடுத்து உருவானால் பனி ஜனவரிக்குத் தள்ளிப்போகும். நவம்பரில் மழை விட்டு வானம் சில நாள் தெளிந்தால் அப்போதே ஒரு முறை தலைகாட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது காலண்டரை அல்ல, மாலை ஆறு மணி வானத்தை.

லா நினா ஆண்டு என்றால் குளிர் அதிகமாக இருக்குமா?

இதைக் கேட்காத ஆள் இல்லை. பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதி நீர் வழக்கத்தைவிடச் சூடானால் எல் நினோ, குளிர்ந்தால் லா நினா. பொதுவாக எல் நினோ ஆண்டுகளில் தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை கூடும், லா நினா ஆண்டுகளில் குறையும். 2015-இல் எல் நினோ, பெருமழை. 2016-இல் வலுக்குறைந்த லா நினா, கடும் வறட்சி. இதை நம்பி உட்கார்ந்திருந்தால் 2021 வந்து முகத்தில் அடித்தது: லா நினாவிலேயே நவம்பரில் கொட்டித் தீர்த்தது. மழை குறைந்தால் தெளிந்த இரவுகள் கூடும், உறைபனி நாட்களும் கூடும் என்ற அளவில் மட்டும் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபரிலேயே "வரலாறு காணாத குளிர்" என்று அறிவிப்பவர்களை நான் நம்புவதில்லை.

வானிலை அறிக்கை ஊட்டியில் 4 டிகிரி என்கிறது. காந்தலில் எங்கள் வீட்டு முன் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. எது சரி?

இரண்டும் சரிதான் அம்மா. வெப்பமானி தரையிலிருந்து ஏறத்தாழ நாலடி உயரத்தில், கூண்டுக்குள் இருக்கிறது. காற்றில்லாத இரவில் புல்லின் மேற்பரப்பு அதைவிடச் சில டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும். அறிக்கையில் 4 என்றால் புல்லில் பூஜ்யம் இருக்க வாய்ப்புண்டு.

இன்னொரு காரணம் உங்கள் இடம். குளிர்ந்த காற்றுக்கு எடை அதிகம். இரவு முழுக்க அது சரிவுகளில் தண்ணீர்போல வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதனால்தான் தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம், தாவரவியல் பூங்காவின் புல்வெளி எல்லாம் முதலில் வெளுக்கின்றன. மேலே ஏற ஏறக் குளிர் கூடும் என்ற பாடப்புத்தகக் கணக்கு பனிக்கால விடியலில் தலைகீழாகும்: பள்ளத்தில் உறைந்திருக்கும், நூறடி மேலே சரிவில் வெறும் ஈரம் இருக்கும். மாவட்டத்துக்கு ஒரே எண்ணைச் சொல்லும் அறிக்கையை வைத்து உங்கள் வாசலை அளக்க முடியாது. ஒரு சாதாரண வெப்பமானியை வாங்கி புல்மட்டத்தில் வையுங்கள்.

சோலைக்காடுகள் புல்வெளிக்குள் பரவாமல் திட்டுத்திட்டாக நிற்பதற்கும் திறந்தவெளி உறைபனியில் மரக்கன்றுகள் கருகுவது ஒரு காரணம் என்று சூழலியலாளர்கள் சிலர் கருதுகிறார்கள். அது தனிக் கதை.

தேயிலை கருகாமல் இருக்க என்ன செய்யலாம்?

பள்ளத்தில் உள்ள பாத்திகளுக்கு முதலில் கவனம் கொடுங்கள். இளஞ்செடிகளை மாலையிலேயே பெரணித் தழையாலும் காய்ந்த புல்லாலும் மூடிவிடுங்கள். தெளிப்பான் இருந்தால், வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிடுவது நம் ஊர் வழக்கம். உறைந்த இலையில் வெயில் நேராக விழும்போதுதான் சேதம் கூடுகிறது. சில்வர் ஓக் நிழலில் உள்ள செடிகள் திறந்தவெளிச் செடிகளைவிடத் தப்பிக்கும். மரத்தை அடியோடு வெட்டுமுன் யோசியுங்கள். பலர் கவனிக்காத ஒன்று: சரிவின் அடியில் அடர்த்தியான வேலி இருந்தால் குளிர்காற்று வெளியேற வழியின்றித் தோட்டத்திலேயே தேங்கும். அங்கே ஒரு இடைவெளி விடுங்கள். உருளைக்கிழங்கும் எளிதில் கருகும். கேரட் ஓரளவு தாங்கும்.

ஊட்டியில் ஸ்னோ விழும் என்று குழந்தைகளிடம் சொல்லிவிட்டேன். டிசம்பர் விடுமுறையில் பார்க்கலாமா?

விழாது. நீங்கள் படங்களில் பார்ப்பது வானத்திலிருந்து விழுந்ததல்ல. காற்றிலுள்ள ஈரம் புல்லிலேயே படிந்து உறைந்த படிகம். அதைப் பார்க்க ஜனவரி நல்லது. வெயில் பட்டால் சற்று நேரத்தில் மறைந்துவிடும், எனவே குழந்தைகளை விடியுமுன் எழுப்ப வேண்டும். பகலில் 20 டிகிரியை ஒட்டி இருக்கும். மத்தியானம் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு மாலையில் நடுங்குவார்கள். அடுக்கடுக்காக உடுத்திவிடுங்கள்.

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பார்களே, மலைக்கும் பொருந்துமா?

தை பொருந்தும். மழைமேகம் விலகிய பிறகு வரும் மாதம் அது. மாசியிலும் பள்ளங்களில் உறையும், ஆனால் பகல் வெயில் சுள்ளென்று ஏறத் தொடங்கிவிடும்.

நவம்பர் கடைசியில் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் டிக்கெட் எடுத்திருக்கிறேன். நம்பலாமா?

மாற்று ஏற்பாட்டோடு வாருங்கள். தென்மேற்குப் பருவமழை அவலாஞ்சி போன்ற மேற்குப் பகுதிகளை நனைக்கும். வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி உள்ள கிழக்குச் சரிவில் மோதும். மேட்டுப்பாளையம்–குன்னூர் தண்டவாளம் ஏறுவது அதே சரிவில்தான். கனமழையில் மண்ணும் பாறையும் சரிந்து ரயில் ரத்தாவது அங்கே புதிதல்ல. 2009 நவம்பரில் ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையிலுள்ள கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த நாட்களின் நிலச்சரிவுகளில் மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பயணத்துக்கு முந்தைய நாள் கனமழை எச்சரிக்கை இருந்தால், ரயில் ஓடினாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். டிக்கெட் பணம் பெரிதில்லை.

தங்கும் அறையில் ஹீட்டர் இல்லை. கரி அடுப்பு வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போகும். கூடுதலாக ஒரு கம்பளி கேளுங்கள், வெந்நீர்ப் பை வைத்துக்கொள்ளுங்கள். கதவைச் சற்றுத் திறந்து வைத்தால் போதும் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள்.