ஓய்வுக்காலத்தைப் பாய்மரப் படகில் கழிக்க, பணத்தை எப்படிப் பிரித்து வைப்பது?

கேட்டவருக்கு 57 வயது. ஓய்வு பெற்றதும் மனைவியோடு ஒரு பாய்மரப் படகில் குடியேற நினைக்கிறார், சேமிப்பு போதுமா என்று எப்படிக் கணக்குப் போடுவது என்று கேட்டிருக்கிறார்.

நானும் என் மனைவியும் ஆறு வருடம் அப்படி வாழ்ந்துவிட்டுப் போன வருடம்தான் கரைக்கு வந்தோம். அதனால் கடைசியிலிருந்தே தொடங்குகிறேன். படகுக்கு எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னால், கரைக்குத் திரும்பும் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். ஒரு வருட வீட்டு வாடகை, முன்பணம், பாத்திரம் பண்டம், ஒரு பெரிய மருத்துவச் செலவு. இதை எந்தக் காரணத்துக்காகவும் தொடக் கூடாது. படகின் விலை வருடா வருடம் இறங்கத்தான் செய்யும். விற்கப் போனால் பல மாதம் இழுக்கும், அதுவரை துறை வாடகையும் இன்சூரன்ஸும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் காலையில் ரப்பர் படகிலிருந்து ஏணியில் கால் தூக்கி வைக்க என் மனைவியால் முடியவில்லை. மூட்டு. அன்றைக்கு அந்தத் தனிக் கணக்கு இல்லாமல் போயிருந்தால், முதலில் வந்தவர் கேட்ட விலைக்குப் படகைக் கொடுத்திருப்போம்.

சரி, படகு வாங்குவது. அதற்கென்று நூறு பங்கு வைத்திருந்தால் எழுபதுக்கு மேல் போகாதீர்கள். மீதி முப்பது முதல் வருடத்திலேயே கரைந்துவிடும். பார்த்ததும் மயங்கிக் கையெழுத்துப் போடாமல், படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி வைத்து, நீங்களே அமர்த்திய படகுச் சர்வேயரை (படகின் நிலையை ஆராய்ந்து அறிக்கை தருபவர்) விட்டுச் சோதியுங்கள். பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகள் எந்த வருடம் போட்டவை என்று கேளுங்கள். பொதுவாக 10 முதல் 15 வருடத்துக்குள் மாற்றிவிட வேண்டியவை அவை, இன்சூரன்ஸ்காரர்களும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். வெளியே பளபளப்பாக இருக்கும். ஒரு மெல்லிய காகிதத் துணியைக் கம்பியின் மேல் கீழிருந்து மேலாக இழுத்துப் பாருங்கள். இழை அறுந்திருந்தால் அந்த இடத்தில் நார் மாட்டிக்கொள்ளும். எங்கள் படகில் கம்பியும் அதன் முனையை இறுக்கிப் பிடிக்கும் உலோகக் குப்பியும் சேரும் இடத்தில் அப்படித்தான் ஒன்று மாட்டியது.

யானையை வாங்குவதைவிட அதற்குத் தீனி போடுவதுதான் பெரிய பாடு. படகின் விலையில் பத்து சதவீதம் வருடப் பராமரிப்புக்கு என்று பலர் சொல்வார்கள். புதுப் படகுக்கு அது ஓரளவு ஒத்துவரும். மலிவாக வாங்கிய பழைய படகுக்கு ஒத்துவராது, ஏனென்றால் பம்பும் பாயும் நீங்கள் மலிவாக வாங்கியதைப் பார்த்து விலை குறைவதில்லை. நீளத்தை வைத்துக் கணக்குப் போடுவதுதான் சரி. 36 அடியிலிருந்து 45 அடிக்குப் போனால் செலவு நீளத்தைவிட வேகமாக ஏறும். பாய், நங்கூரம், சங்கிலி, அடிப்பாகத்துப் பெயிண்ட், எல்லாமே ஒரு படி பெரிதாகும். இரட்டை உடல் கொண்ட கேடமரான் படகு என்றால், படகு கட்டி வைக்கும் துறைகளான மரினாக்கள் பலவற்றில் ஒன்றரை மடங்கு வாடகை. இரண்டு பேருக்கு 40 அடிக்கு மேல் தேவையே இல்லை என்பது என் கருத்து.

செலவைக் குறைப்பது உங்கள் கைவேலைதான். எஞ்சினுக்குக் கடல்நீர் இழுக்கும் பம்புக்குள் இம்பெல்லர் என்று உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு ரப்பர் சக்கரம் இருக்கும். எங்களுடையதில் ஓர் இதழ் பிய்ந்துவிட்டது. பின்புறக் குழாயில் தண்ணீர் வருவது மெலிந்து ஆவியாக வந்தது, எஞ்சினை நிறுத்திப் பாயிலேயே போய்ச் சேர்ந்தோம். புதுச் சக்கரம் மாட்ட அரை மணி நேரம், பிய்ந்த துண்டைக் குளிர்விப்பான் குழாய்க்குள் தேடி எடுக்க ஒரு பகல் முழுக்க. மெக்கானிக்கை வைத்திருந்தால் அந்த ஒரு பகல் கூலி, சக்கரத்தின் விலையைப் போலப் பல மடங்கு ஆகியிருக்கும். டீசல் எஞ்சின் பயிற்சி ஒன்றை இப்போதே முடித்துவிடுங்கள்.

மாதச் செலவில் சராசரியை நம்ப வேண்டாம். நங்கூரம் போட்டு நிற்கும் மாதங்களில் காசே செலவாகாது. படகைக் கரையேற்றிப் பெயிண்ட் அடிக்கும் மாதத்தில் மொத்தமாகப் போகும்.

அப்புறம், காலண்டரும் பணம்தான். அட்லாண்டிக் பக்கம் ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். அந்த மாதங்களில் எந்த எல்லைக்குள் நிற்கக் கூடாது என்று பல இன்சூரன்ஸ் பத்திரங்களே சொல்லும். அதற்காக விலகிப் போவதும் கரையில் ஏற்றிக் கட்டி வைப்பதும் செலவு. தெற்கே தள்ளியிருக்கிறது என்று நம்பிப் பலர் ஒதுங்கும், கரீபியன் நாடான கிரெனடாவின் கரியாகூ தீவைத்தான் 2024 ஜூலை 1 அன்று பெரில் சூறாவளி அடித்தது. புகலிடம் என்று போய்க் கட்டிய படகுகள் நிறைய அழிந்தன. ஐரோப்பா என்றால் அங்குள்ள பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விதி: ஐரோப்பியரல்லாத வெளிநாட்டவர், நீண்டகால விசா இல்லாவிட்டால், அந்த நாடுகள் எல்லாவற்றிலும் சேர்த்து 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். மீதி நாட்களுக்கு எங்கே போவது என்பதையும் பட்ஜெட்டில் எழுதுங்கள்.

வீட்டை உடனே விற்க வேண்டாம், வாடகைக்கு விடுங்கள். அதற்கும் முன்னால் ஒரு மாதம் வாடகைப் படகில், மழையும் காற்றும் உள்ள பருவத்தில், இரண்டு பேரும் இருந்து பாருங்கள். எஞ்சினைக் கிளப்புவது, நங்கூரம் போடுவது, ரேடியோவில் ஆபத்து அழைப்பு விடுப்பது, இந்த மூன்றையும் உங்கள் மனைவி உங்கள் உதவி இல்லாமல் செய்யட்டும். அவருக்கு அது பிடித்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு அப்புறம் படகு தேடுங்கள்.