பினாங்கில் நண்பர்களுடன் நாள் முழுக்க ஜியோகேச்சிங் நடை போனால் சலித்துவிடாதா? எத்தனை பேர் போகலாம், பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

பெட்டிகளை எண்ணிக்கொண்டே நடந்தால் மதியத்துக்குள் சலித்துவிடும். இந்த விளையாட்டில் துளியும் அக்கறையில்லாத ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் இருட்டும்வரை சலிக்காது. கண்டெடுத்த எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் என் நண்பர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பரவாயில்லை.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது மறைத்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார். நாம் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதி, இருந்தபடியே வைத்துவிட்டு வர வேண்டும். ஜிபிஎஸ் சமிக்ஞையில் பொதுமக்களுக்கென்று வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. அந்தச் சூட்டோடு, மே 3 அன்று, டேவ் அல்மர் என்பவர் ஒரிகான் மாநிலத்தில் ஒரு வாளியை மறைத்துவைத்து எண்களை வெளியிட்டார். அதற்குள் ஒரு டின் பீன்ஸும் இருந்தது. இப்போது தின்னும் பொருள் எதையும் வைக்கக் கூடாது என்பது விதி. எங்கள் ஊர்க் குரங்குகளைப் பார்த்தவர்கள் அந்த விதிக்குக் கைதட்டுவார்கள்.

நாட்டுப்புற நடை என்றால் தீவின் மேற்குப் பக்கம், பாலேக் பூலாவ்தான். ஜார்ஜ் டவுன் நகரின் கோம்தார் பஸ் நிலையத்தில் அதிகாலை பஸ்ஸைப் பிடித்து, வெயில் ஏறுவதற்குள் குன்றுப் பக்கத்துச் சாலைகளில் ஏறிவிடுங்கள். டுரியானும் கிராம்பும் ஜாதிக்காயும் நிற்கும் தோட்டங்கள், நிழலுக்குப் பஞ்சமில்லை. மதியம் ஊருக்குள் இறங்கி ஒரு கிண்ணம் லக்சா நூடுல்ஸ். பிறகு சுங்கை பூரோங் வயல்வெளி, கால் ஒத்துழைத்தால் பூலாவ் பெத்தோங் மீனவர் கிராமம் வரை. வயலைப் பின்னேரத்துக்கு வைப்பதில் உள்ள ஒரே தொல்லை இடி. அதிலும் செப்டம்பர், அக்டோபர் மழைக்காலத்தில், திறந்த வெளியில் உயரமாக நிற்பது நீங்கள் மட்டும்தான். வானம் கறுத்தால் பெட்டியை மறந்துவிட்டு ஏதாவதொரு கோப்பிக்கடைக்குள் நுழைந்துவிடுங்கள்.

எண்களை நம்புவதிலும் ஓர் அளவு வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில் கலைக்கு (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, minute) மூன்று தசம இடம் வரை கொடுத்திருப்பார்கள். அதன் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் தரையில் இரண்டு மீட்டருக்கும் குறைவான தூரம்தான். காகிதத்தில் அவ்வளவு துல்லியம். அடர்ந்த மரத்தடிக்குப் போய்விட்டாலோ கைப்பேசிக்கு நிலைகொள்ளாது. சமிக்ஞை இலையிலும் சரிவிலும் பட்டுச் சிதறி வருவதால், அம்புக்குறி இப்போது மேட்டைக் காட்டும், அடுத்த நிமிடம் ஓடையைக் காட்டும். அதை நம்பி நடப்பவர்கள் செக்குமாடுகளாக ஒரே மரத்தைச் சுற்றுவார்கள். கடைசி இருபது மீட்டரில் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுவிடுவதே உத்தமம்.

எங்கள் கூட்டத்தில் இருவர் அப்படிச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். லக்சா ஆசை காட்டி நாங்கள் அழைத்து வந்திருந்த நண்பனின் அக்கா, ஓரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து காலணிச் சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். நிமிர்ந்து பார்த்து, "ஏன் தம்பி, மூங்கிலுக்கு யாராவது கம்பி கட்டுவார்களா?" என்றார். பச்சைப் பிளாஸ்டிக் சுற்றிய மெல்லிய கம்பி, ஒரு கணுவுக்குக் கீழே இரண்டு சுற்று. அதன் மறுமுனையில், மூங்கில் புதருக்குள் தொங்கியது பழைய கறுப்புப் படச்சுருள் டப்பா. எந்தத் தோட்டம் என்று சொல்ல மாட்டேன். அடுத்து வருபவரின் வயிற்றில் அடிப்பதாகிவிடும்.

மூடியைத் திறந்ததும் எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு என் மணிக்கட்டில் ஏறின. உள்ளே சுருட்டியிருந்த தாள் ஈரத்தில் நைந்து ஒட்டிக்கிடந்தது. பேனாவால் எழுதியவர்கள் எல்லாரும் நீலக் கறையாகிவிட்டிருந்தார்கள். பென்சிலால் எழுதியவர்கள் பெயரோடு இருந்தார்கள். நம் ஊர் ஈரப்பதத்துக்குப் பென்சில்தான் லாயக்கு. கூடவே ஒரு காய்ந்த துணி.

நாங்கள் தாளைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது மோட்டார் சைக்கிளில் கூடையோடு வந்த சீனத் தோட்டக்காரர் நிறுத்தி, "சாரி அபா?" (என்ன தேடுகிறீர்கள்?) என்று மலாயில் கேட்டார். டுரியான் பருவத்தில் முன்பின் தெரியாத நால்வர் மரத்தடியில் குனிந்து நின்றால் வேறென்ன கேட்பார்? டப்பாவைக் காட்டினோம். உள்ளே காசு இருக்கிறதா என்றார். இல்லை, பெயர் எழுதும் தாள் மட்டும்தான் என்றோம். விழும் பழத்தைத் தாங்க அவர் கட்டியிருந்த வலையைக் கை காட்டி, "அதற்கு இந்தப் பக்கமே நில்லுங்கள். தலையில் ஒன்று விழுந்தால் தாளில் யார் பெயர் எழுதுவது?" என்று சொல்லிவிட்டுப் போனார். நில உரிமையாளரின் அனுமதியோடுதான் பெட்டி வைக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஆனாலும் பருவ மாதங்களில் தோட்டத்து ஆளைத் தேடி முதலில் நாமே வணக்கம் சொல்லிவிடுவது மரியாதை.

எத்தனை பேர் என்றால், நான்கு பேர். அதற்கு மேல் போனால் ஒருவர் தேட மற்றவர்கள் அரட்டைதான். டப்பாவை முதலில் பார்த்தவர் கத்தாமல், கொஞ்சம் தள்ளிப் போய்ச் சும்மா உட்கார வேண்டும். கடைசி ஆள் பார்க்கும்வரை வாய் திறக்கக் கூடாது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டின் சுவையே அந்தப் பொய் முகத்தில்தான் இருக்கிறது. அக்காவுக்கு மட்டும் இந்த விதியிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறோம். கொடுக்காவிட்டாலும் அவர் கேட்கப்போவதில்லை.

பிள்ளைகளைத் தாராளமாக அழைத்துப் போகலாம், ஆனால் இந்த முழு நாள் நடைக்கு வேண்டாம். ஒவ்வொரு பெட்டிக்கும் தேடும் கடினத்துக்கு ஒன்று, நிலத்தின் கரடுமுரடுக்கு ஒன்று என 1 முதல் 5 வரை இரண்டு அளவுகள் போட்டிருப்பார்கள். இரண்டும் 2-க்குள் இருப்பதாகப் பாருங்கள். பெட்டியின் அளவையும் பாருங்கள்: பெரியதில்தான் பொம்மை, சாவிக்கொத்து எல்லாம் இருக்கும். ஒன்றை எடுத்தால் அதற்கு ஈடாக ஒன்றை வைக்க வேண்டும் என்பதால் வீட்டிலிருந்தே இரண்டு மூன்று சாமான் கொண்டுபோங்கள். புதையல் என்று சொல்லி அழைத்துப் போய்ப் படச்சுருள் டப்பாவைக் கையில் கொடுத்தால், திரும்பும் பஸ்ஸில் கோம்தார் வரை அழுகையைக் கேட்டுக்கொண்டு வர வேண்டியதுதான்.