தாத்தாவின் சிறுத்தைத் தோலும் அண்ணனின் நோட்டீஸும்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். 1960களில் தாத்தா சுட்ட சிறுத்தையின் தோல், தலையோடு பாடம் செய்யப்பட்டு எங்கள் கூடத்தில் தொங்குகிறது. எட்டு மாதங்களுக்கு முன் அப்பா காலமானார். இத்தனை வருடம் அதைப் பராமரித்தவன் நான். அண்ணனோ பாகப்பிரிவினை நோட்டீஸில் அதையும் சேர்த்துவிட்டார். முடி உதிர்கிறது, பூச்சி அரிக்கிறது. ஆள் வைத்துச் சுத்தம் செய்து என் பெயருக்கு மாற்ற முடியுமா?

பதில்: யார் பராமரித்தார் என்பது இங்கே எடுபடாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 42ஆம் பிரிவின்கீழ் தாத்தா பெயரிலோ அப்பா பெயரிலோ உரிமைச் சான்றிதழ் இருக்கிறதா என்பது ஒன்றே கேள்வி. பழைய துப்பாக்கி லைசென்ஸோ, தோலின் அடியில் பாடம் செய்தவர் தைத்த சீட்டோ அதற்கு ஈடாகாது. சான்றிதழ் இருந்தால், வாரிசாக 90 நாட்களுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் அறிவித்திருக்க வேண்டும். தாமதத்துக்கான காரணத்தை எழுதி உடனே அறிவியுங்கள். சான்றிதழே இல்லையென்றால், பங்கு போட உங்கள் இருவருக்குமே அதில் எதுவும் இல்லை. சான்றிதழ் இல்லாதவர்கள் இத்தகைய பொருட்களை அறிவிக்க 2003இல் மத்திய அரசு கொடுத்த 180 நாள் அவகாசம் எப்போதோ முடிந்துவிட்டது.

வழக்குகளில் நான் பார்த்த கட்சிக்காரர்கள் சிக்கிக்கொண்டது சொத்துப் பட்டியலில்தான். நகை, பாத்திரத்தோடு 'சிறுத்தைத் தோல் 1' என்று பிராதில் (வழக்கு மனுவில்) எழுதி, உண்மை என உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்திடுகிறார்கள். எதிர்த்தரப்பு அந்த ஒரு தாளை வனத்துறைக்கு அனுப்பினால் போதும். தோல் உங்கள் வசம் இருப்பது நிறுவப்பட்டால், சட்டவிரோதமாக வைத்திருப்பதாகவே 57ஆம் பிரிவு அனுமானிக்கும்; இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. சிறுத்தை அச்சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில், உள்ள விலங்கு என்பதால் தண்டனை குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு; குறைந்தபட்சத் தண்டனை உள்ள குற்றத்தைப் பணம் கட்டிச் சமரசமாக முடிக்கவும் 54ஆம் பிரிவில் இடமில்லை.

ஆகவே நோட்டீஸுக்குப் பதில் எழுதும் அவசரத்தில் 'தோல் என்னுடையது' என்று எழுதிவிடாதீர்கள். சுத்தம் செய்ய ஆள் தேடிப் படம் அனுப்ப வேண்டாம். பாடம் செய்வதைத் தொழிலாகச் செய்ய 44ஆம் பிரிவின்படி உரிமம் வேண்டும், உரிமமில்லாதவரிடம் போகும் படம் உங்களுக்கு எதிரான சாட்சியாகும். பழைய தோல்களில் ஆர்செனிக் பூசியிருப்பார்கள் என்பதால் குழந்தைகளையும் அண்ட விடாதீர்கள். பயந்துபோய் எரித்துவிடவும் வேண்டாம், அது தடயத்தை அழித்த இன்னொரு குற்றமாகிவிடும்.

அண்ணனோடு சமரசமாகப் போங்கள் என்றே வற்புறுத்துகிறேன். பட்டியலிலிருந்து தோலை நீக்கச் சொல்லி, சான்றிதழ் கிடைக்காவிட்டால் இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டு, மல்லேஸ்வரத்தில் உள்ள வனத்துறைத் தலைமை அலுவலகமான அரண்ய பவனில் எழுத்துமூலம் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். முன்ஜாமீன் தேவையா என்பதை அதற்கு முன்பே கிரிமினல் வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டு, ஒப்படைப்பு மனுவின் ஒவ்வொரு வரியையும் அவர் படித்த பிறகே கையெழுத்திடுங்கள்.